ஆறு மத்திய அரசுக்கு; படகு யாருக்கு?

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. ஆந்திர மாநிலம் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில், கண்டி போச்சம்மா கோயில் படித்துறையிலிருந்து 'ராயல் வசிஷ்டா' என்ற சுற்றுலாப் படகு பாபிகொண்டலு மலைகளை நோக்கிப் புறப்பட்டது. ஆற்றில் அன்று விநாடிக்கு 5 லட்சம் கன அடிக்கும் மேல் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. கச்சுலூர் கிராமத்துக்கு அருகே, மலைகள் ஆற்றை நெருக்கும் இடத்தில், படகு கவிழ்ந்தது. பிழைத்தவர்கள் 26 பேர் மட்டுமே. மூழ்கிய படகை 38-ஆம் நாளில்தான் ஆற்றின் அடியிலிருந்து மேலே கொண்டுவர முடிந்தது.

அன்றிரவு அதிகாரிகளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, படகில் எத்தனை பேர் இருந்தனர் என்பது. அதற்குச் சரியான விடை யாரிடமும் இல்லை. முதலில் 60 பேர் அளவில் என்றார்கள். பிறகு 73 என்றார்கள். நாள்கள் கடந்த பின் 77 என்றார்கள். இறந்தோர், காணாமல் போனோர் எண்ணிக்கை 51 என்று முடிந்தது. உறவினர்கள் வந்து பெயர் சொன்ன பிறகே சிலர் அந்தப் படகில் சென்றனர் என்பது அரசுக்குத் தெரிந்தது என்றால், அந்தப் படகு எந்தக் கண்காணிப்பில் ஓடியது என்பதை விளக்க வேண்டியதில்லை.

பாபிகொண்டலுவின் அழகைப் பற்றி இருவேறு கருத்து இருக்க முடியாது. தெலுங்கில் 'பாபிடி' என்றால் தலைமுடியில் எடுக்கும் வகிடு. கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு நடுவே கோதாவரி வகிடு எடுத்ததுபோல் செல்வதால் அந்தப் பெயர் வந்தது என்பர். ராஜமுந்திரியில் கிலோமீட்டர் கணக்கில் அகன்று கிடக்கும் ஆறு, இங்கே சில நூறு மீட்டருக்குள் ஒடுங்குகிறது. இருபுறமும் காடு அடர்ந்த மலைச் சரிவுகள், பேரண்டபள்ளியின் பழைய ஆசிரமம், கொல்லூரின் மூங்கில் குடில்கள், ஆற்றோரத்துப் பழங்குடிக் கிராமங்கள் என ஒரு பகல் முழுவதும் கண்கொள்ளாக் காட்சிதான். ராமர் கோயில் கொண்ட பத்ராசலத்துக்குச் செல்லும் பக்தர்களும் இவ்வழியே படகில் செல்வதுண்டு. 2006-இல் வெளிவந்த 'கோதாவரி' என்ற தெலுங்குத் திரைப்படம் இந்தப் படகுப் பயணத்தையே கதைக்களமாகக் கொண்டது.

ஆனால், அழகுக்குக் காரணமான அதே ஒடுக்கம்தான் ஆபத்துக்கும் காரணம். அகன்ற ஆற்றில் பரவி ஓடும் நீர், மலை இடுக்கில் நுழையும்போது வேகம் கொள்கிறது, ஆழம் கூடுகிறது, பாறைகளில் மோதித் திரும்பும் இடங்களில் சுழல் உண்டாகிறது. மேல் தளமும் கீழ்த் தளமும் கொண்ட படகில், காட்சியைக் காணப் பயணிகள் மேலே ஏறி ஒரு பக்கமாகத் திரளும்போது படகின் சமநிலை குறைகிறது. சுழல் ஒரு பக்கம் இழுக்க, பாரம் அதே பக்கம் சாய்ந்தால் படகு கவிழச் சில விநாடிகள் போதும். இதை அறிய வல்லுநர் குழு தேவையில்லை. ஆற்றங்கரையில் வளர்ந்த எந்தச் சிறுவனுக்கும் தெரியும்.

அரசுக்கும் இது தெரியாததல்ல. 2017 நவம்பரில் விஜயவாடா அருகே கிருஷ்ணா ஆற்றில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2018 மே 11-ஆம் தேதி பாபிகொண்டலு செல்லும் வழியில் ஒரு சுற்றுலாப் படகு தீப்பற்றி எரிந்தது. பயணிகள் அதிர்ஷ்டவசமாகத் தப்பினர். நான்கே நாள்களில், மே 15-ஆம் தேதி, அதே தேவிபட்டணம் பகுதியில் ஒரு பயணிகள் படகு பலத்த காற்றில் கவிழ்ந்தது. அதில் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள் அல்லர். சந்தைக்கும் அரசு அலுவலகங்களுக்கும் படகைவிட்டால் வேறு வழியில்லாத மலைவாழ் மக்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் கச்சுலூர். ஆக, 22 மாதங்களில் ஒரே மாநிலத்தில் மூன்று பெரும் படகு விபத்துகள்.

ஒவ்வொன்றின் பின்னும் ஒரே காட்சிதான் அரங்கேறியது. முதல்வர் விரைந்தார், இரங்கல் வந்தது, நிதியுதவி அறிவிக்கப்பட்டது, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது, படகுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. சில மாதங்களில் தடை தளர்ந்தது. கச்சுலூருக்குப் பின் ஆந்திர அரசு ஒரு படி மேலே சென்று, படகுப் போக்குவரத்தைக் கண்காணிக்க ஒன்பது கட்டுப்பாட்டு அறைகளை அமைக்க முடிவு செய்தது; 2021-இல் பாபிகொண்டலு பயணம் மீண்டும் தொடங்கியது. அந்த நடவடிக்கை வரவேற்கத்தக்கது. ஆனால் கட்டுப்பாட்டு அறை என்பது ஒரு மாநில அரசின் நிர்வாக ஏற்பாடு. ஆட்சி மாறினால், நிதி குறைந்தால், ஊழியர் இடம் மாறினால் அது பெயரளவுக்குச் சுருங்கிவிடக் கூடும். சட்டப்படி யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இங்கேதான் தில்லிக்கு வேலை இருக்கிறது. பலரும் கவனிக்கத் தவறும் உண்மை ஒன்று உண்டு. பாபிகொண்டலு வழியே செல்லும் கோதாவரி வெறும் மாநில ஆறு அல்ல. பத்ராசலத்திலிருந்து ராஜமுந்திரி வரையிலான 171 கிலோமீட்டர் ஆற்றுப் பகுதி, 2008-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 4-ஆம் எண் தேசிய நீர்வழியின் ஓர் அங்கம். காக்கிநாடாவிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகத் தமிழகக் கடலோரத்தைத் தொட்டுப் புதுச்சேரி வரை செல்லும் அதே நீர்வழிதான் இது. தேசிய நீர்வழி என்று நாடாளுமன்றம் அறிவித்த ஆறுகளில் இயந்திரப் படகுப் போக்குவரத்து, அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில் இடம்பெறுகிறது. அதாவது, ராயல் வசிஷ்டா மூழ்கிய இடம் நாடாளுமன்றத்தின் அதிகார எல்லைக்கு உள்பட்டது. ஆனால் படகைப் பதிவு செய்வதும், தகுதிச் சான்று தருவதும், விபத்துக்குப் பின் விசாரிப்பதும் மாநில அரசின் கையில் இருக்கின்றன. ஆறு மத்திய அரசுக்கு. படகு மாநில அரசுக்கு. பிணம் மட்டும் உறவினருக்கு என்ற நிலைதான் இது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நாடாளுமன்றத்துக்கு ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்தது. நீராவிப் படகுகளுக்காக 1917-இல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டமே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் திருத்தங்களுடன் நடைமுறையில் இருந்தது. அதற்கு மாற்றாக உள்நாட்டுக் கலங்கள் மசோதா 2021 ஜூலை 22-ஆம் தேதி மக்களவையில் அறிமுகமானது. ஜூலை 29-ஆம் தேதி மக்களவையிலும், ஆகஸ்ட் 2-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அறிமுகத்துக்கும் இறுதி ஒப்புதலுக்கும் இடையே 11 நாள்கள். பெகாசஸ் உளவு விவகாரத்தில் விவாதம் கோரி எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டுக் கொண்டிருந்த கூட்டத்தொடர் அது. அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் மசோதா கரையேறியது. நிலைக்குழுவுக்கு அனுப்பப்படவில்லை. கச்சுலூரில் உயிர் பிழைத்தவர்கள், படகோட்டிகள், மீட்புப் பணியில் ஈடுபட்டோர் எவரும் எந்தக் குழுவின் முன்னும் சாட்சியம் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

விவாதத்துக்கு இடம் தராத அரசும், விவாதத்துக்கு வராத எதிர்க்கட்சிகளும் இதில் சம பங்காளிகள். ஒரு பிரச்னைக்காக அவையை முடக்குவது அரசியல் உத்தியாக இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவையைக் கடந்து செல்லும் மசோதாக்கள் சாமானியரின் உயிரோடு தொடர்புடையவை என்பதை ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சட்டத்தில் நல்ல அம்சங்கள் இல்லாமல் இல்லை. நாடு முழுவதும் ஒரே மாதிரியான பதிவு, தகுதிச் சான்று, படகு ஊழியர்களின் திறன் சான்றிதழ், உயிர்காப்பு மற்றும் தீயணைப்புச் சாதனங்கள், காப்பீடு, மத்தியத் தரவுத்தளம் ஆகியவற்றுக்கு இச்சட்டம் வகை செய்கிறது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். எனினும் இரண்டு இடங்களில் ஓட்டை இருக்கிறது.

முதலாவது, நீர்ப்பரப்பை மண்டலங்களாகப் பிரிக்கும் முறை. அலையின் உயரத்தை அளவுகோலாகக் கொண்டு மாநில அரசுகள் மண்டலங்களை வரையறுக்க வேண்டும் என்கிறது சட்டம். கடலை ஒட்டிய கழிமுகங்களுக்கும் பெரிய ஏரிகளுக்கும் இது பொருந்தும். மலை இடுக்கில் ஓடும் ஆற்றுக்குப் பொருந்துமா? அங்கே அலை பெரிதாக எழுவதில்லை. ஆளைக் கொல்வது நீரின் வேகமும் சுழலும்தான். அலையை மட்டும் அளந்தால், பாபிகொண்டலு காகிதத்தில் சாதுவான நீர்ப்பரப்பாகவே தோன்றும். நீரோட்டம், சுழல், ஆழம் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளும் தனி விதிகள் மலை இடுக்குப் பகுதிகளுக்குத் தேவை.

இரண்டாவது, விசாரணை. விபத்து நடந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் மாநில அரசு நியமிக்கும் அதிகாரிக்கும் தகவல் தர வேண்டும். மாநில அரசு விரும்பினால் மாவட்ட ஆட்சியரை விசாரிக்கச் சொல்லலாம் என்பது ஏற்பாடு. படகுக்குச் சான்று வழங்குவதும் மாநில அரசின் அமைப்பு. வெள்ள நாளில் பயணத்தைத் தடுக்கத் தவறுவதும் அதன் ஊழியர்கள். விசாரிப்பதும் அதே அரசின் அதிகாரி. அந்த அறிக்கையை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ரயில்வே துறையில் நிலைமை வேறு. பெரிய ரயில் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர், ரயில்வே அமைச்சகத்தின் கீழ் பணியாற்றுவதில்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறார். ரயிலை இயக்குபவரே விபத்தை விசாரிக்கக் கூடாது என்ற நியாயமே அதன் அடிப்படை. ரயில் பயணிக்குக் கிடைத்த இந்தக் குறைந்தபட்ச நியாயம், படகுப் பயணிக்கு இன்னும் எட்டவில்லை.

கேரளத்தின் அனுபவமும் இதையே உணர்த்துகிறது. 2002-இல் குமரகம் விபத்தில் 29 பேர், 2007-இல் தட்டேக்காடு விபத்தில் 18 பேர், 2009-இல் தேக்கடி விபத்தில் 45 பேர், 2023-இல் தானூர் விபத்தில் 22 பேர் என நான்கு விபத்துகளில் மட்டும் 114 உயிர்கள் போயின. நீதிபதிகள் தலைமையில் ஆணையங்கள் அமைக்கப்பட்டன, பரிந்துரைகள் வந்தன. தேக்கடியில் மூழ்கியது தனியார் படகுகூட அல்ல. அரசு சுற்றுலாக் கழகத்தின் படகு. அதில் தமிழகத்திலிருந்து சென்றவர்களும் இறந்தனர். ஒரு விபத்தின் பாடம் அடுத்த விபத்தைத் தடுக்கவில்லை என்றால், பாடம் எழுதப்பட்ட காகிதத்தைப் பின்தொடர ஆளில்லை என்றே பொருள்.

கச்சுலூரில் மாண்டவர்களில் தெலங்கானாவைச் சேர்ந்தவர்கள் பலர். அவர்களுடைய சட்டப்பேரவை உறுப்பினர் ஆந்திர அமைச்சரைக் கேள்வி கேட்க முடியாது. தேக்கடியில் இறந்த தமிழருக்காகத் தமிழகச் சட்டப்பேரவை கேரள அரசை விளக்கம் கேட்க முடியாது. சுற்றுலா என்பதே மாநில எல்லை தாண்டிச் செல்வதுதான். எல்லை தாண்டிச் செல்லும் பயணியின் உயிருக்குப் பதில் சொல்லும் ஒரே மன்றம் நாடாளுமன்றமாகத்தான் இருக்க முடியும்.

மத்திய அரசுக்கு ஆற்றுச் சுற்றுலாவில் ஆர்வம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2023 ஜனவரி 13-ஆம் தேதி வாராணசியில் 'கங்கா விலாஸ்' சொகுசுக் கப்பலைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். வங்கதேசம் வழியாக அசாமின் திப்ருகர் வரை 3,200 கிலோமீட்டர், 51 நாள் பயணம்; 36 பேர் தங்கும் வசதி. 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி மும்பையில் 'குரூஸ் பாரத்' இயக்கம் தொடங்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டில் தேசிய நீர்வழிகளின் எண்ணிக்கை 111. சொகுசுக் கப்பலில் செல்வோருக்குப் பாதுகாப்பு இருப்பது நல்லதே. ஆனால் குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையைப் பார்க்கப் புறப்படும் நடுத்தர வர்க்கத்தினரும், பத்ராசலம் செல்லும் பக்தரும், சந்தைக்குச் செல்லும் பழங்குடிப் பெண்ணும் அதே தேசிய நீர்வழியில்தான் செல்கிறார்கள்.

இந்த விவகாரத்தில் பேசப்படாத இன்னொரு தரப்பும் இருக்கிறது. கச்சுலூரில் படகு கவிழ்ந்தபோது முதலில் ஓடி வந்தது பேரிடர் மீட்புப் படை அல்ல. ஆற்றங்கரையில் வாழும் பழங்குடி மக்கள். சிறு படகுகளில் வெள்ளத்தில் இறங்கி, தத்தளித்தவர்களை இழுத்துக் கரை சேர்த்தவர்கள் அவர்களே. அந்த 26 பேரில் பலர் உயிரோடு இருப்பது அவர்களால்தான்.

அந்த மக்களின் எதிர்காலம் என்ன? பாபிகொண்டலுவுக்குக் கீழே கட்டப்பட்டு வரும் போலவரம் அணை, 2014-ஆம் ஆண்டு ஆந்திர மறுசீரமைப்புச் சட்டத்தின்படி தேசியத் திட்டம். அணையில் மூழ்கும் பகுதிகள் ஒரே மாநிலத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத் தெலங்கானாவின் ஏழு மண்டலங்களைச் சேர்ந்த பகுதிகள், அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தச் சட்டத்தின் மூலம் ஆந்திரத்துடன் இணைக்கப்பட்டன. முழு நீர்மட்டமான 45.72 மீட்டர் வரை நீர் தேக்கப்பட்டால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர வேண்டும். அவர்களில் கோயா, கொண்டா ரெட்டி பழங்குடியினர் பெருமளவினர். தற்காலிக அணை எழும்பிய பின், வெள்ளக் காலங்களில் தேவிபட்டணம் பகுதிக் கிராமங்களும் கண்டி போச்சம்மா கோயிலும் நீரில் மூழ்குவது வாடிக்கையாகிவிட்டது. 2022 ஜூலையில் பத்ராசலத்தில் கோதாவரியின் நீர்மட்டம் 71 அடியைத் தாண்டியபோது ஆற்றோர மக்கள் பட்ட துன்பத்தை நாடே கண்டது.

முதல் கட்டமாக 41.15 மீட்டர் வரை நீர் தேக்குவதற்கான நிதிக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. அணை நிறையும்போது இந்த மலை இடுக்கு ஒரு நீண்ட, ஆழமான நீர்த்தேக்கமாக மாறும். ஆற்றின் குணம் மாறும். பழைய சுழல்கள் மறைந்து புதிய அபாயங்கள் தோன்றக்கூடும். சுற்றுலாப் படகுகள் மட்டும் பெருகும். ஆற்றின் ஒவ்வொரு பாறையையும் அறிந்த மக்களோ மறுவாழ்வுக் குடியிருப்புகளில் இருப்பார்கள். அடுத்த படகு கவிழும்போது கரையிலிருந்து கைகொடுக்க யார் இருப்பார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

படகுப் பயணத்தையே தடை செய்வது இதற்குத் தீர்வாகாது. அந்த வருவாயை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. சாலை இல்லாத கிராமங்களுக்குப் படகே பேருந்து. தேவைப்படுவது தடை அல்ல, பொறுப்பு. அதற்கான வழிகளும் கைக்கு எட்டாதவை அல்ல.

தேசிய நீர்வழிகளில் நேரும் விபத்துகளை விசாரிக்க, படகுகளை அனுமதிக்கும் அமைப்புகளுக்குக் கட்டுப்படாத பாதுகாப்பு ஆணையர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். அவரது அறிக்கையும், அதன் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையும் ஆண்டுதோறும் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். வெள்ள அளவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், எந்த அதிகாரியின் உத்தரவுக்கும் காத்திராமல் சுற்றுலாப் பயணம் தானாகவே நிற்கும் விதி வேண்டும். பத்ராசலத்தில் நீர்மட்டம் 43 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை என்ற நடைமுறை ஏற்கெனவே உள்ளது. கரையில் உள்ளவர்களுக்கு இருக்கும் இத்தகைய அளவுகோல், அதைவிடத் தாழ்ந்த மட்டத்திலேயே படகில் ஏறுபவர்களுக்கும் இருக்க வேண்டும். பயணிகளின் பெயர்ப் பட்டியல் கரையில் ஒப்படைக்கப்படாமல், ஒவ்வொருவரும் மிதவை உடை அணியாமல் எந்தப் படகும் நகரக் கூடாது. ஆற்றோரப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் அளித்து நிரந்தர மீட்புக் குழுக்களில் சேர்க்க வேண்டும். போலவரம் மறுவாழ்வுத் திட்டத்தில் இதையும் ஓர் அங்கமாக்கலாம்.

மாநில உரிமையில் தலையிடுவதாக இதை எதிர்ப்பவர்கள் இருக்கக்கூடும். மாநில சுயாட்சிக்காகக் குரல் கொடுக்கும் கட்சிகளுக்கு அந்த ஐயம் எழுவது இயல்பே. ஆனால் உரிமம் வழங்கும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து பறிக்க வேண்டும் என்பதல்ல கோரிக்கை. தேசிய நீர்வழி என்று அறிவித்துப் பெருமை கொள்ளும் மத்திய அரசு, அந்த நீர்வழியில் போகும் உயிருக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதே. உரிமையை மத்தியில் வைத்துக்கொண்டு பழியை மட்டும் மாநிலத்துக்கு அனுப்புவது கூட்டாட்சி ஆகாது.

11 நாள்களில் ஒரு சட்டத்தை நிறைவேற்ற முடிந்த நாடாளுமன்றத்துக்கு, அந்தச் சட்டத்தின் கீழ் எத்தனை படகுகள் சோதிக்கப்பட்டன, எத்தனை விபத்துகள் நேர்ந்தன, யார் தண்டிக்கப்பட்டார் என்று கேட்க ஒரு நாள் ஒதுக்குவது பெரிய காரியமல்ல. படகில் எத்தனை பேர் இருந்தனர் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இன்னொரு இரவு கோதாவரிக் கரையில் உறவினர்கள் காத்திருக்கும் நிலை வருவதற்கு முன், அந்த ஒரு நாளை அவைத் தலைவர்கள் ஒதுக்க வேண்டும். தமிழக உறுப்பினர்களும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.